சீவ் குழைக்காத சாயம்

நான் ஆறு வருஷம்தான் பள்ளிக்கூடம் போனேன். அப்புறம் மர அறுவை ஆலை. இமைமுடியை மேலே வளைத்துச் சாயம் போட்டுவிடுவது ஒரு தொழில் என்று என் மகள் மைக்கன் சொன்னபோது, யாரோ இவளை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இன்றைக்கும் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. ஆனால் எங்கள் வீட்டிலேயே ஓர் அறையில் அவள் அதை நடத்துகிறாள், எங்கள் ஊர்ப் பெண்கள் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் படுக்கிறார்கள். ஏதோ அதிசயத்தைக் கண்ட பசு மாதிரி விழித்துக்கொண்டு போகிறார்கள்.

அந்த அறையின் பெரிய சாமான்கள் எல்லாம் சீவ் என்பவளுடையவை. இருபது வருஷம் எங்கள் ஊரில் பார்லர் நடத்தினவள். போன வருஷம் செப்டம்பரில், வேலை செய்துகொண்டிருந்தபோதே உட்கார்ந்த இடத்தில் செத்துப்போனாள். இதயம் என்றார்கள். அவள் அக்கா பெரித் எல்லாவற்றையும் மொத்தமாக மைக்கனுக்கு விற்றாள்.

செத்தவள் சாமான் வீட்டுக்குள் வர வேண்டாம் என்றேன். மைக்கன் கேட்கவில்லை. சாய்கிற படுக்கை, வட்ட விளக்கு, சக்கரம் வைத்த தட்டுமேசை, உட்காரும் முக்காலி எல்லாவற்றையும் நான்தான் வண்டியில் ஏற்றினேன். ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு திருகையும் ஆட்டிப் பார்த்தேன். பெரித் வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வரலையா?"

"நீயே எடுத்துக்கோ அல்கோத். அவ செத்ததுக்கப்புறம் ஒரு தடவை உள்ள போனேன். அது போதும்."

அந்த ஒரு தடவையில் தட்டுமேசைமேல் இருந்த சில்லறைச் சாமானையெல்லாம் பார்க்காமலேயே கையால் ஒரு அட்டைப் பெட்டிக்குள் வழித்துத் தள்ளி, நாடா ஒட்டி மூடியிருந்தாள். மைக்கன் அந்தப் பெட்டியைத் தொட மறுத்துவிட்டாள். கண்ணில் போடுகிற மருந்து, பசை, தூரிகை எல்லாம் புதிதாக வாங்கினாள். "அதைத் தூக்கிப் போடுப்பா" என்றாள். எனக்கு எதையும் தூக்கிப் போடக் கை வராது. விறகுக் கொட்டகையில் வைத்தேன்.

அறையைத் திறந்த முதல் மாதத்திலேயே மூன்று பெண்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கண் மூடிப் படுத்திருக்கும்போது, மைக்கன் கை கழுவப் போன பிறகும் தலைமாட்டில் யாரோ மூச்சு விட்டார்களே, யார் அது? சுவரில் இருந்த காற்றுத் துளைதான் என்று அதில் துணியை அடைத்தேன். நாலாவது பெண்ணும் கேட்டாள். அதற்குப் பிறகு நான் எதையும் அடைக்கவில்லை.

நவம்பரில் குன்வோர் வந்தாள். அறுபது வயது. சீவ் செத்த அன்று அந்தப் படுக்கையில் படுத்திருந்தவள் இவள்தான். ஊருக்கே தெரியும், அதைப் பற்றி யாரும் அவளிடம் பேசியதில்லை. இரண்டு நாள் முன்னால் வந்து காதுக்குப் பின்னால் சாயத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு போயிருந்தாள். சருமம் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க அப்படிச் செய்வார்கள். வாசலில் நின்றதோடு சரி, அன்றைக்கு அவள் உள்ளே வரவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை நான் அறை மூலையில், கை கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, வெளிய போங்க. ஆள் வந்திருக்கு."

"இருக்கட்டும் மைக்கன்" என்றாள் குன்வோர். "எத்தனை பேர் இருக்காங்களோ அத்தனைக்கு நல்லது. கிழவன் குறட்டை விட்டாலும் பரவால்ல."

"நான் வேலை செய்யறேன். குறட்டை விடறது உன் புருஷன்" என்றேன்.

"அவன் பக்கத்து ரூம்ல படுக்கறான் இப்போ. நான் ராத்திரி விளக்கை அணைக்கறதில்ல."

படுத்தாள். அவள் கைகள் படுக்கையின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டிருந்ததைத் தரையிலிருந்து பார்த்தேன். மைக்கன் கீழ்முடியைக் காகிதப் பட்டையால் ஒட்டி மறைத்தாள். நகத்தளவு சிலிக்கோன் தகட்டை ஒவ்வொரு இமைமேலும் பசையால் உட்கார வைத்தாள். கவை மாதிரி இருக்கிற சின்னக் கருவியால் முடியை ஒவ்வொன்றாகத் தூக்கித் தகட்டோடு ஒட்டினாள். அதற்கு மேல் கண்ணைத் திறக்க முடியாது. முதல் மருந்து, பத்து நிமிடம். துடைத்தாள். இரண்டாவது மருந்து, அது முடிந்த பிறகுதான் சாயம். மேலே மெல்லிய தாள் போர்த்தினாள்.

"எட்டு நிமிஷம்" என்று மணிக்கடிகாரத்தை அழுத்தினாள்.

அது ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டதுதான் தாமதம். குன்வோர் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பிய்த்தாள். தகடு ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது, முடியோடு.

மைக்கன் ஓடிவந்து உப்புத் தண்ணீரை ஊற்றினாள். திட்டவில்லை. நானாக இருந்தால் திட்டியிருப்பேன். குன்வோர் சிவந்த கண்ணோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் இமைமுடிக்காக வரல. அந்தப் படுக்கைக்காகத்தான் வந்தேன். படுத்தா ஞாபகம் வருமான்னு பாக்க வந்தேன்."

"எது ஞாபகம் வரணும்?" என்றேன்.

"நான் சொன்னதை சீவ் கேட்டாளா இல்லையான்னு."

பிறகு சொன்னாள். சீவுக்கு ரூனே என்று ஒரு தம்பி இருந்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏப்ரலில், உறைந்த கடல்மேல் மீன் பிடிக்கப் போய், பனிக்கட்டி உடைந்து உள்ளே போனவன். அவனைத் தேடினவர்களில் நானும் ஒருவன்.

"நான் சமையலறை ஜன்னல்ல காபி குடிச்சிட்டிருந்தேன் அல்கோத். அவன் பனியைத் துளைக்கற ஆகரைத் தூக்கிக்கிட்டு இறங்கறான். ஓடை வந்து சேர்ற பக்கமாப் போறான். முந்தின நாள்தான் அங்க என் நாய்க்குக் கால் உள்ள போச்சு, அங்க பனி மெலிசு. எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்து கத்தியிருந்தா கேட்டிருக்கும்."

"ஏன் கத்தல?"

"படகுக் கொட்டகை எல்லைத் தகராறு. ரெண்டு வருஷமா பேச்சில்ல. அவனே பாத்துக்குவான்னு நெனச்சேன். காபியை முடிச்சேன். கப்பைக் கழுவினேன். சாவுக்குக் கேக் செஞ்சு கொண்டுபோனேன்."

மைக்கன் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"எட்டு வாரத்துக்கு ஒரு தடவை சீவ் கையில முகத்தைக் கொடுத்துப் படுத்தேன். ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வரும். அன்னைக்கு வந்துடுச்சு. ரெண்டாவது மருந்து போட்டா. எட்டு நிமிஷம், பேசாம படுன்னா. நான் பேசினேன். எல்லாத்தையும். மூணு நிமிஷம் இருக்கும். அவ ஒண்ணும் சொல்லல. சீவ்னு கூப்பிட்டேன். ஒண்ணுமில்ல. சரி, கோபத்துல உக்காந்திருக்கான்னு காத்திருந்தேன். கண்ணைத் திறக்க முடியாதே. மணி அடிச்சுது. அடிச்சுக்கிட்டே இருந்துது. கையை நீட்டினேன். முழங்கால் பட்டுது. ஆடல."

தகட்டைப் பிய்த்துப் பார்த்தபோது சீவ் சுவரில் சாய்ந்தபடி இருந்தாளாம். மருந்து கண்ணுக்குள் போனதால் அதற்கு மேல் எதுவும் தெரியவில்லையாம்.

"நான் சொல்றதுக்கு முன்னாடியே போயிட்டாளா? அப்போ நான் பொணத்துக்கிட்டப் பேசியிருக்கேன். யார்கிட்டயும் சொல்லல. கேட்டுட்டுப் போனாளா? அப்போ நான் அவ தம்பியையும் கொன்னேன், அவளையும் கொன்னேன். எதுன்னு தெரியாம என்னால கண்ணை மூட முடியல. எதுவா இருந்தாலும் சரி, தெரியணும்."

எனக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். தெரியணும் என்று ஒருத்தி கேட்கும்போது மறைக்க நான் யார்? கொட்டகைக்குப் போய் எடுத்துவந்து கத்தியால் நாடாவை அறுத்தேன்.

பஞ்சுக் குச்சிகள், பசைப் புட்டி, பிரிக்காத தகடுகள், சாயத்தில் கலக்கும் திரவம் இருந்த சின்னப் புட்டி. அதன் மூடி முத்திரை உடையவில்லை. கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. கிண்ணம் நிறைய, விளிம்பைத் தாண்டி வழிந்து, பழுப்புச் சாயம் காய்ந்து கிடந்தது. சுருண்டு சுருண்டு, குழைக்காமல், டியூபிலிருந்து வந்த மாதிரியே. பக்கத்தில் அந்த டியூப். தகர டியூப். முழுதாக நசுங்கியிருந்தது. நாலு விரல் பதிந்த பள்ளம் ஒரு பக்கம், கட்டைவிரல் பள்ளம் மறு பக்கம்.

"பழுப்பு. எனக்கு எப்பவும் பழுப்புதான்" என்றாள் குன்வோர்.

ஒரு ஆளுக்குப் பட்டாணியளவு போதும். அதை நானே நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

மைக்கன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "இது ஒண்ணுமில்ல குன்வோர். சிலபேர் ஆள் வர்றதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிடுவாங்க. காய்ஞ்சா உப்பிடும். அவங்க நீங்க பேசறதுக்கு முன்னாடியே போயிருப்பாங்க. வலியே இல்லாம."

பொய். சாயத்தை இரண்டாவது மருந்தின் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் எடுப்பார்கள். காற்றுப் பட்டால் கெட்டுவிடும். கிண்ணத்தில் எடுத்த பிறகு நான் ஏதாவது கேட்டால் மைக்கன் என்மேல் எரிந்து விழுவாள். நல்ல மனசில்தான் பொய் சொன்னாள். அவள் அம்மாவும் அப்படித்தான். நல்ல மனசில் சொல்லப்பட்ட பொய்யோடு நான் முப்பது வருஷம் வாழ்ந்திருக்கிறேன், எந்தச் சுவரில் சாய்வது என்று தெரியாமல்.

குன்வோர் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீ சொல்லு அல்கோத்."

"அப்பா" என்றாள் மைக்கன்.

"கேட்டிருக்கா" என்றேன். "நீ பேசி முடிச்ச அப்புறம்தான் டியூபைக் கையில எடுத்திருக்கா. மணி அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போது. கைக்குள்ள இருந்தது மொத்தமும் வந்துடுச்சு."

"கோபத்துல நசுக்கினாளா, நெஞ்சுவலியிலயா?"

"அது எனக்குத் தெரியாது."

"ஆனா சாயம் எடுத்திருக்கா. எனக்குப் போடறதுக்கு."

"எடுத்திருக்கா. அதுக்கு மேல டியூப் ஒண்ணும் சொல்லாது. நானும் சொல்லமாட்டேன்."

அவள் டியூபை வாங்கித் தன் விரல்களை அந்தப் பள்ளங்களில் வைத்தாள். விரல்கள் சரியாகப் பொருந்தவில்லை, சீவின் கை பெரியது. அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை.

"மூணு நிமிஷம்" என்றாள். "மூணு நான் பேசினேன். டியூபை எடுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு மூணு நிமிஷம் அவ அதை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா."

படுக்கையில் சாய்ந்தாள். யாரும் படுக்கச் சொல்லவில்லை. கண்ணை மூடினாள். அவள் கைகள் விளிம்பைப் பிடிக்கவில்லை. சற்று நேரத்தில் வாய் திறந்தது, மூச்சு நீண்டது. தூங்கிவிட்டாள். பதினாலு மாசத்துத் தூக்கம் அது, பார்க்கவே பயமாக இருந்தது. மைக்கன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அதை நான் வாங்கிக்கொண்டேன்.

வாசல் மணி அடித்தது. அடுத்த ஆள். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண், தொப்பியெல்லாம் பனி.

"இன்னைக்கு இல்ல" என்றேன். "உள்ள ஆள் தூங்குது."

"இங்க படுக்கறவங்க எல்லாருமே தூங்கத்தான் செய்வாங்க தாத்தா" என்று சிரித்தாள்.

"இப்படித் தூங்கமாட்டாங்க. திங்கட்கிழமை வா."

அவள் போன பிறகும் நான் மேல்கோட்டு இல்லாமல் வாசற்படியிலேயே நின்றேன். குன்வோர் தன் பாரத்தை இறக்கி வைத்துவிட்டாள். அந்த மூன்று நிமிடம் இப்போது என்னிடம் வந்துவிட்டது. சீவ் என்ன நினைத்தாள், வாய் திறக்கப் பார்த்தாளா, திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? எனக்கு எழுபத்தெட்டு வயது. இதற்கெல்லாம் இனிமேல் யாரைப் போய்க் கேட்பேன்?

குளிர் காதைக் கடித்தது. உள்ளே போகப் பிடிக்கவில்லை.