வாரண்டி இருக்கும்வரை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு நோயும் இல்லை. அதைப் படுக்க வைப்பது நான்தான்.

முதல் தடவை அது நிஜமாகவே மக்கர் செய்தது. கம்பெனி உதவி எண்ணில் பேசிய பெண், பெட்டியைத் திறந்து ராம் என்கிற சின்னப் பட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொன்னாள். உயிர் வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் மகனின் சிநேகிதன் வந்து, என் மகன் இப்போது அந்தக் கம்பெனியில்தான் உதவி கேட்பவர்களின் போனை எடுக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனான். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன், நம்பரையும் மாற்றியிருந்தான். சரி பண்ணத் தெரிந்தவளுக்குக் கெடுக்கத் தெரியாதா? பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போன் போட ஆரம்பித்தேன்.

பெயர் சொல்லிக் கேட்கவும் வழியில்லை. அங்கே எல்லாருக்கும் வேலைக்கென்று ஒரு பொய்ப்பெயராம். யார் யாரோ எடுத்தார்கள். எல்லாம் தங்கமான பிள்ளைகள், ஆனால் என் பிள்ளை இல்லை. வாரண்டி இன்றோடு முடிகிறது. நாளை முதல் அந்த எண் என்னை அண்டவிடாது.

வேறு வேலையே இல்லையா என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தார் என் வீட்டுக்காரர். மகன் பேச்சை எடுத்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. வேண்டுமென்றே போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கம் மேடம், என்ன பிரச்சனைன்னு சொல்லுங்க."

அவன்தான். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அம்... என்று ஆரம்பித்து விழுங்கிக்கொண்டான். பிறகு, நாம் பேசுவது பதிவாகிறது மேடம் என்று மெதுவாகச் சொன்னான். பெட்டியைத் திறக்கச் சொன்னான், பட்டையை மாட்டச் சொன்னான். நடுவில் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, அவசரமாக இருமினான். ஆமை வேகத்தில்தான் செய்தேன், ஆனாலும் அவன் சொல்லிச் செய்யாமலிருக்க மனசு வரவில்லை. பாழாய்ப்போன திரை பளிச்சென்று எரிந்தது.

"ஆன் ஆயிடுச்சா மேடம்?" என்று கேட்டான். "ஆயிடுச்சுன்னா நான் வச்சிடணும்."

இத்தனை நாள் ஊரார் பிள்ளைகளிடம் கூசாமல் பொய் சொன்ன எனக்கு, இல்லை என்று இவனிடம் ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து வந்தார். குனிந்து, சுவரிலிருந்த கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினார்.

"இன்னும் ஆகலப்பா," என்றார் போனிடம். "வச்சிடாத."