ஏழாவது அடி

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, கோவளத்தில் வலையும் கயிறும் விற்ற சந்திரம்மா, முப்பத்தைந்து கிலோமீட்டர் பின்பக்கமாகவே நடந்து செங்கல்பட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்று தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய். முதலில் முதுகு வாசலுக்குள் நுழைந்தது, பிறகு கூடை, கடைசியில்தான் முகம். கடைகளுக்குப் பில் போடும் ‘கடைத்துணை’ மென்பொருளை விற்கிற அந்த அலுவலகத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்த மாதம் அப்படி வந்தவர்களில் அவர் நாற்பத்தோராவது ஆள். நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் அங்கே வேலை பார்த்த சுஜாதா எழுதிய ஒரு மெயில். முன்பெல்லாம் சந்தாவை நிறுத்தியவர்களுக்குக் கம்ப்யூட்டர் தானாகவே இங்கிலீஷில் வருத்தம் தெரிவிக்கும். ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. சுஜாதா புடவைக் கடையில் வளர்ந்தவள். விலை படியாமல் எழுந்து போகிறவளை வாசலிலேயே கூப்பிட்டால் இன்னும் ஐம்பது குறைத்துக் கேட்பாள், தெருமுனை வரை விட்டால் எதிர்க்கடைக்குள் போயிருப்பாள். ஏழாவது அடியில் கூப்பிடவேண்டும், அதுவும் ஒரே ஒரு தடவை. அவள் அதையே கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்தாள்: நிறுத்திய ஏழாம் நாள், ‘சரி, வாங்கக்கா. நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்குங்க.’ ஆண்களுக்கு அண்ணா. மெயில் போன மறுநாளே நெம்மேலி ஹார்டுவேர் கடை ராஜாராம், முகம் கடலைப் பார்த்திருக்க, கால் மட்டும் மேற்கே நடந்து வந்து ஒரு வருஷத்துக்குச் சந்தா கட்டினார். வழியில் திருப்போரூரில் நாஸ்தாவும் முடித்திருந்தார்.

முதலாளி ஜெகதீசன் அத்தோடு விட்டிருக்கலாம். சுஜாதா டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், ‘ஒரு தடவை’ என்றிருந்ததை ‘தினமும்’ என்று மாற்றிவிட்டார்.

சந்திரம்மா சந்தாவை நிறுத்தியது விலைக்காக அல்ல. கடையையே விற்றுவிட்டார். புதுச்சேரியில் மகள் நிறைமாதம். இரண்டு நாள் பஸ் ஏறி உட்கார்ந்தும் கால் தானாக இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் அது இழுத்த இழுப்புக்கே வந்துவிட்டார்.

“இன்னா தங்கச்சி இது பேஜாரு? கடையே இல்ல, எனக்கு இன்னாத்துக்கு பில்லு? எம்பொண்ணுக்கு வெள்ளிக்கெழம தேதி. அவ அங்க வலியில கத்திகினு கெடப்பா, நான் உங்க வூட்டு வாசல்ல குந்திகினு இருக்கணுமா?” என்று சுஜாதாவிடம் கேட்டார்.

ஜெகதீசன் தலையைக்கூடத் தூக்கவில்லை. “காபி குடு. மனசு மாறும். ஒருத்தர வுட்டா இப்படி கூப்ட்டு வந்த அறுநூறு பேரும் போய்கினே இருப்பாங்க.”

“கூப்பிடச் சொல்லித்தான் எழுதினேன் சார். காலைப் புடிச்சி இழுக்கச் சொல்லல,” என்றாள் சுஜாதா.

“அவ்ளோ ரோஷமா இருந்தா உங்கப்பா கடைக்கே போய் பொடவ மடிச்சிகினு இரு!”

அவர் வாயாலேயே வழி கிடைத்தது. விரித்துப் போட்ட புடவைகளைக் கடைக்காரர் மடிக்க ஆரம்பித்துவிட்டால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு கூப்பிடுவது கடைக்கே கேவலம். போகிறவர் தலைநிமிர்ந்து போகலாம்.

“மடிச்சிட்டுத்தான் போவேன் சார்,” என்று சுஜாதா உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டரை நம்பாமல், ஒவ்வொரு பெயருக்கும் தானே தட்டினாள். ‘விரிச்சதை மடிச்சு வெச்சிட்டேன். உங்க கடை விவரமெல்லாம் இதோட இருக்கு, எடுத்துக்குங்க. இனி கூப்பிட மாட்டேன்.’ முதல் மெயில் சந்திரம்மாவுக்கு. நெட்டி முறிக்கிற சத்தத்தோடு அவர் பாதம் இரண்டும் முன்பக்கம் பார்த்தன. கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஏழாவது அடியில் நின்றார். தலையை மட்டும் திருப்பி, “இப்போ கூப்புடு, பாக்கலாம்!” என்று ஜெகதீசனைப் பார்த்துச் சொல்லிவிட்டு பஸ் பிடித்தார். வெள்ளிக்கிழமை பேத்தி, மூன்று கிலோ.

ஜெகதீசன் மெயின் சுவிட்சை அணைத்தார். ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது, சுஜாதாவின் திரை மட்டும் வியாழன் மத்தியானம் வரை எரிந்தது. அறுநூறும் முடிந்ததும் டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“போனா திரும்பி வராத!”

“நீங்க கூப்ட்டாதான சார்?”

அறுநூறு பேரில் இருநூறு பேர் போனார்கள். மற்றவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு, நேராக நடந்து வந்து, இன்றும் கட்டுகிறார்கள். ஜெகதீசனுக்கு அது போதவில்லை. பழைய மெயிலை மறுபடி கிளப்பிவிட, முதலில் சோதனைக்காகத் தன் முகவரியையே போட்டு, ‘தினமும்’ என்று அழுத்தினார்.

அன்றிலிருந்து அவர் வாசலைத் தாண்டி ஏழாவது அடிக்கு மேல் போனதில்லை. சுஜாதா இப்போது திருக்கழுக்குன்றத்தில் சொந்தமாக மென்பொருள் விற்கிறாள். ஜெகதீசன் ஆள் அனுப்பி வழி கேட்டதற்கு, கூப்பிட்டவர்தான் மடிக்கணும் என்று சொல்லிவிட்டாள். அவரும் உட்கார்கிறார், ‘விரிச்சதை மடிச்சு’ வரைக்கும் தட்டுகிறார், ‘இனி கூப்பிட மாட்டேன்’ என்று எழுத மட்டும் மனசு வருவதில்லை. வீட்டிலிருந்து கேரியர் வருகிறது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பையோடு இறங்கி, ஏழு அடி நடந்து, முதுகு முன்னே போக உள்ளே திரும்புகிறார். அந்த முதுகு வாசலுக்குள் மறைந்ததும், எதிர் டீக்கடை மோகன் பஜ்ஜிக்கு எண்ணெய் வைக்கிறார்.