மூன்று சுழித் தினை

அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையான பெண் எலும்புக்கூடு, தன்னைப் பற்றிய பலகையில் ஓர் எழுத்துக்கு ஒரு சுழி கூடிப்போனதைக் கண்டித்து, ஒரு திங்கட்கிழமை காலை எழுந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்று எழுதுவது இந்த ஒரு முறைதான். படுத்துக் கிடந்தவரை அது அஃறிணை. எழுந்து அமர்ந்து, வலக்கைச் சுட்டுவிரலைப் பலகையை நோக்கி நீட்டியபின், அவரை அஃறிணையில் குறிப்பது இலக்கணத்துக்கும் பிழை, மரியாதைக்கும் பிழை. அன்று கூடத்தைத் திறந்த காவலாளி அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எந்திரிச்சிட்டீங்களா? அப்படியே கொஞ்சம் தள்ளி உட்காருங்க, கண்ணாடி தொடைக்கணும்" என்றார். அவர் தள்ளி உட்கார்ந்தார். கண்ணாடி துடைக்கப்பட்டது. காவலாளிகள் அன்று முதல் அவரைப் பெட்டியம்மா என்று அழைத்தனர்.

அந்த வெண்கலப் பலகையில் பிழைக்குப் பஞ்சமில்லை. 'பெண்மணிக்கு சொந்தமான' என்றிருந்தது. வல்லினம் மிகவேண்டிய இடத்தில் மிகவில்லை. 'முயற்ச்சி' என்றிருந்தது, மிகக்கூடாத இடத்தில் மிகுந்திருந்தது. 'ஒரு ஆண்டு' என்று எழுதியவரை எந்தப் பள்ளி தேர்ச்சி பெறச் செய்தது என்று கேட்க நாதியில்லை. இவற்றையெல்லாம் அந்த அம்மையார் வாய்திறவாமல் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமற்போனது கடைசி வரி: 'இப்பெண்மணியின் அன்றாட உணவு உயர்திணை.'

அறிக்கையை எழுதிய எலும்பாய்வாளர் மீது குற்றமில்லை. முப்பதைத் தாண்டிய அந்தப் பெண், ஆய்வுக்கூடத்து நீண்ட மேசையில் ஒவ்வோர் எலும்பாக வைத்து, இறந்தவரின் வாழ்க்கையை மெல்லப் படித்திருந்தார். கால்பெருவிரல் மூட்டு தேய்ந்திருந்ததால், இவர் மண்டியிட்டு, விரல்களை மடக்கி, நெடுநேரம் கல்லில் அரைத்தவர். முன்பற்களில் மெல்லிய பள்ளம் இருந்ததால், நூலைப் பல்லிடுக்கில் இழுத்துப் பழகியவர். கண்குழியின் மேற்புறத்தில் சிறு துளைகள் இருந்ததால், சிறுவயதில் இரத்தச் சோகையால் வாடியவர். இடக்கை முறிந்து நேராகக் கூடியிருந்ததால், அந்தக் கையைக் கட்டிப் பார்த்துக்கொள்ள அக்கறையுள்ள ஒருவர் உடனிருந்திருக்கிறார். பற்காரையில் தினையின் மாவுத்துகள் கிடைத்தது. எலும்பிலிருந்த கார்பனும் அதையே சொன்னது. இறைச்சி அவர் அரிதாகவே கண்ட பொருள் என்று நைட்ரஜன் சொன்னது. ஆகவே, 'அன்றாட உணவு உயர்தினை' என்று அறிக்கை முடிந்தது. தரத்தில் உயர்ந்த தினை, வினைத்தொகை, ஒரு குறையும் சொல்ல இயலாது.

பலகையை வெட்டியவர் இயக்குநரின் மனைவிக்குத் தம்பி. இரண்டு சுழி னகரத்துக்கும் மூன்று சுழி ணகரத்துக்கும் அவர் வாயில் ஒரே ஒலி, கையில் ஒரே உளி. ஐயம் வந்தால் பெரிய எழுத்தைப் போடுவது அவருடைய தொழில்நெறி. இவ்வாறு தினை திணையாயிற்று. ஊரார் பள்ளியில் கற்றவற்றுள் எழுத்தை மறந்து, இலக்கணத்தை மட்டும் நினைவில் வைத்திருந்தது பெருங்கேடாய் முடிந்தது. உயர்திணை என்றால் மக்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மக்களை அன்றாடம் உண்ட பெண்மணியைப் பார்க்க வரிசை வாயிலைத் தாண்டித் தெருமுனைவரை நீண்டது. ஆசிரியர்களும் வந்தனர், நின்று படித்தனர், வியந்தனர், அவர்களுள் ஒருவர்கூடச் சுழியை எண்ணவில்லை என்பதை எழுதும்போது பேனா நடுங்குகிறது.

இதனால் கெட்டது எலும்பாய்வாளரின் திருமணம். பழைய எலும்பிலிருந்து மரபணு எடுப்போர், தம் உடலின் அணுக்கள் அதில் கலந்துவிடவில்லை என்று உறுதிசெய்யத் தம்முடைய மாதிரியையும் கொடுத்து வைப்பது வழக்கம். அப்படிக் கொடுத்தபோதுதான், பெட்டியிலிருப்பவர் தமக்குத் தாய்வழி முன்னோர் என்பது எலும்பாய்வாளருக்குத் தெரியவந்தது. அதை அவர் தமக்கு நிச்சயித்திருந்த பல் மருத்துவரிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். அவர் தம் தாயிடம் சொன்னார். இரண்டாயிரம் ஆண்டுக் குடும்பத்துப் பெண் எங்கள் வீட்டுக்கு வருகிறாள் என்று அந்தத் தாய் அக்கம்பக்கமெல்லாம் பெருமையடித்து முடிக்கவும், வெண்கலப் பலகை மாட்டப்படவும் சரியாக இருந்தது.

"இந்தச் சம்பந்தம் வேணாம்" என்றார் மாப்பிள்ளையின் தாய். "ஆளத் தின்ன வம்சம். ஏதாவது கோவத்துல உன் கையக் கடிச்சு வச்சா யாருடா பொறுப்பு?"

"அம்மா, அவளுக்குக் கடவாப் பல்லு ரெண்டு நான்தான் எடுத்தேன்."

"மிச்சம் முப்பது இருக்குல்ல?"

பல் மருத்துவர் கணக்குப் போட்டுப் பார்த்தார், சரியாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை திருமணப் பேச்சு நிறுத்தப்பட்டது. திங்கட்கிழமை பெட்டியம்மா எழுந்து உட்கார்ந்தார்.

அவர் பேசவில்லை, நாக்கில்லாதவரிடம் பேச்சை எதிர்பார்ப்பது நியாயமன்று. விரலை மட்டும் நீட்டியிருந்தார். அவர் காலத்து எழுத்தின் வடிவமே வேறாயிற்றே, இந்தக் காலத்து ணகரத்தை எப்படிப் படித்தார் என்று கேட்போர் உளர். அவதூறு எந்த வடிவில் எழுதப்பட்டாலும் உரியவருக்குப் புரிந்துவிடுகிறது. விளக்கொளியில் கண் கூசுகிறது போலும் என்று எண்ணிய இயக்குநர் ஒரு விளக்கை அணைக்கச் செய்தார். விரல் இறங்கவில்லை. எலும்பாய்வாளர் வந்து விரலின் நேர்க்கோட்டில் குனிந்து பார்த்தார். அது மூன்றாம் சுழியில் போய் முடிந்தது.

"சார், அது ரெண்டு சுழி. நான் ரெண்டு சுழிதான் எழுதிக் குடுத்தேன்."

"ஒரு சுழிக்கா இவ்வளவு கலாட்டா? வெண்கலத்துல வெட்டியிருக்கும்மா. ரப்பர் வச்சா அழிக்கச் சொல்றீங்க?"

"அவங்க மனுசங்களச் சாப்பிட்டாங்கன்னு அர்த்தம் வருது சார். என் கல்யாணமே நின்னுபோச்சு."

"சாப்பிடலன்னு நீங்க கூட இருந்து பாத்தீங்களா?" என்ற இயக்குநர், சன்னல் வழியே வரிசையின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டார். பக்கத்தில் நின்ற பலகைக்காரர், "ரெண்டு சுழி வச்சா எழுத்து மொட்டையா இருக்கும் மாமா. மூணு வச்சாத்தான் ஒரு களை" என்றார். எலும்பாய்வாளர் அவரைப் பார்த்த பார்வையில், எலும்பைத் தசையிலிருந்து பிரிக்கும் தொழில்முறைத் தெளிவு இருந்தது.

மறுநாள் பெட்டியம்மா மண்டியிட்டார். கால்விரல்களைப் பின்னால் மடக்கி, இரு கைகளையும் முன்னே நீட்டி, இழுத்து, மீண்டும் நீட்டி, எதுவுமில்லாத இடத்தில் எதுவுமில்லாததை அரைக்கத் தொடங்கினார். உச்சிவேளைக்குள் பெட்டியின் அடியில் மஞ்சள் நிற மாவு ஒரு கைப்பிடி விழுந்திருந்தது. எலும்பாய்வாளர் அதை உருப்பெருக்கியில் பார்த்தார், தினை. அடுத்த நாளும் தினை. களைப்பு நீங்க அவ்வப்போது குந்தி அமர்ந்து, கண்ணாடியைத் திறந்து துடைக்க வந்த காவலாளியின் சட்டைக் கையில் பிரிந்திருந்த நூலைப் பல்லால் இழுத்து அறுத்துக்கொடுத்தார். அறிக்கையில் எழுதியிருந்த ஒவ்வொன்றையும் செய்து காட்டினார். எழுதாத ஒன்றைச் செய்யவில்லை. காவலாளி கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டு தம் கையை அவர் வாயருகே தினமும் கொண்டுபோனார். கடி ஏதும் விழவில்லை.

எலும்பாய்வாளர் மாவைக் கிண்ணத்தில் எடுத்துப்போய் இயக்குநரின் மேசைமேல் வைத்தார். இயக்குநர் அதைச் சிந்தனையோடு நோக்கினார். "இது தொட்டுக்க வச்சிருப்பாங்கம்மா. வெறும் ஆளை எப்படிச் சாப்பிடறது?"

ஆய்வு பொய்யென்று எவரேனும் சொன்னால் அதற்கு மறுப்பு எழுதலாம். ஆய்வு தொட்டுக்கொள்ளும் பொருளாகிவிட்டால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. எலும்பாய்வாளர் அன்று ஆய்வுக்கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பிறகு முகம் கழுவி, பல் மருத்துவருக்குத் தொலைபேசியில் ஒரே ஒரு வேண்டுகோள் விடுத்தார்: "உங்கம்மாவ ஒரு தடவ வந்து நேர்ல பாக்கச் சொல்லுங்க. அப்புறம் வேணாம்னா வேணாம்."

மாப்பிள்ளையின் தாய் வந்தார். மகனின் கையைப் பிடித்தபடி, கடிபடுவதானால் தம் கையே முதலில் கடிபடட்டும் என்று முன்னால் நடந்து வந்தார். பெட்டியம்மா அரைப்பதை நிறுத்தி, விழுந்திருந்த மாவை உள்ளங்கை இரண்டிலும் அள்ளி, திறந்திருந்த கண்ணாடி வழியே நீட்டினார். விரல் எலும்புகளின் இடுக்கில் பாதி சிந்தியது. வந்தவர் மீதியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார்.

"ஏண்டிம்மா," என்றார் மாப்பிள்ளையின் தாய், "மாவைச் சலிக்கவே மாட்டியா? நறநறன்னு கல்லு. இதத் தின்னா பல்லு தேயாம என்ன செய்யும்? வாயத் தொற, பாப்போம்."

பெட்டியம்மா வாயைத் திறந்தார்.

"பாருடா! பல் டாக்டருன்னு பேரு, இத நீ பாத்துச் சொல்ல மாட்டியா? அத்தனையும் மழுங்கிக் கெடக்கு. இத வச்சுக்கிட்டு வெந்த கெழங்கக்கூடக் கடிக்க முடியாது, இவ எங்க ஆளக் கடிச்சா?" பிறகு எலும்பாய்வாளரிடம் திரும்பினார். "உனக்காவது மாவு சலிக்கத் தெரியுமா?"

"தெரியாது அத்தை."

"வம்சமே அப்படித்தான் போலிருக்கு" என்று அவர் சலித்துக்கொண்டார். அரைகல்லின் துகளால் பல் தேய்ந்த செய்தி அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்திலேயே இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை. எப்படியாயினும், குடும்பத்தின் மீதிருந்த குற்றச்சாட்டு ஆளுண்ணுதலிலிருந்து சலிக்கத் தெரியாமைக்குக் குறைக்கப்பட்டது. பின்னது திருமணத்துக்குத் தடையன்று.

தம் சம்பந்தி வீட்டுப் பெண்ணை ஆள்தின்னி என்று சொல்லும் பலகையை இனி அவர் விடுவாரா? நுழைவுச்சீட்டுச் சன்னலின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்தார். வருவோரையெல்லாம் நிறுத்தி, "உள்ள ஒண்ணுமில்லப்பா. வெறும் தினை தின்ன பொம்பள. அதுவும் கல்லு எடுக்காம" என்றார். வரிசை தெருமுனையிலிருந்து வாயிலுக்கும், வாயிலிலிருந்து சன்னலுக்கும் சுருங்கி, பிறகு எவரும் வராமல் ஓய்ந்தது. ஆள் தின்றவரைப் பார்க்க வேலையை விட்டு வந்தவர்கள், ஆள் தின்னாதவரைப் பார்க்க எதிர்வீட்டிலிருந்துகூட வரவில்லை. இயக்குநர் தம் மைத்துனரை அழைத்து, பலகையைத் திருத்தச் சொன்னார்.

பலகைக்காரர் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். மூன்றாம் சுழி முழுதாகக் கழன்று, ஒரு சிறு மோதிரம்போல் தரையில் விழுந்து உருண்டது. கூடத்தைக் கடந்து, படியிறங்கி, வாயில் வழியே வெளியேறிற்று. பூட்டும் நேரமாதலால் எவரும் துரத்தவில்லை. காவலாளி ஒரு காலைத் தூக்கி வழிவிட்டார்.

ஒரு சுழி கூடிப்போனதற்காகத் தம்மை இத்தனை பேர் வைததால், இனி எங்கும் இரண்டு சுழிதான் என்று பலகைக்காரர் முடிவுகட்டியிருந்தார். எலும்பாய்வாளரின் திருமண அழைப்பிதழும், பலகை வெட்டுவதோடு அவர் நடத்திவந்த அச்சகத்துக்கே வந்தது. 'மனமக்கள்' என்று கோத்துவைத்துவிட்டு உறங்கப்போனார். மனத்துக்கு மக்கள் ஏது? விடிந்து பார்த்தபோது, அச்சுத்தகட்டில் அந்தச் சொல்லின் இரண்டாம் எழுத்துக்கு மூன்று சுழி இருந்தது. மூன்றாவது சற்றே பெரிது, வெண்கல நிறம். அழைப்பிதழ்கள் பிழையின்றி அச்சாயின. அந்த அச்சகத்தின் வரலாற்றில் அது முதல் முறை.

பலகை திருந்தியதும் பெட்டியம்மா மீண்டும் படுத்துக்கொள்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். அவர் பலகைப் பக்கம் ஒரு முறை தலையைத் திருப்பிவிட்டு, அரைத்தலைத் தொடர்ந்தார். படுத்துக்கிடப்பது அறிக்கையில் இல்லை. திருமணம் நடந்தது, எலும்பாய்வாளருக்கு மாமியார் வாய்த்தார், மாமியாருக்குக் குறைசொல்ல மருமகள் வாய்த்தார். கேட்பதற்கு ஆள் வேண்டுமே. மாமியார் வாரந்தோறும் ஒரு சல்லடையோடு மூன்றாம் கூடத்துக்கு வந்து, கண்ணாடியைத் திறந்து, பெட்டியம்மாவின் எதிரில் அமரத் தொடங்கினார். ஒருவர் அரைக்க, ஒருவர் சலிக்க, "உன் பேத்தி இருக்காளே, நேத்து என்ன பண்ணா தெரியுமா?" என்று பேச்சு தொடங்கும். பெட்டியம்மா தலையசைப்பார். எந்தப் பக்கம் அசைத்தார் என்பதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

காலப்போக்கில் சலித்த மாவில் ஒரு பிடியைப் பெட்டியம்மாவும் உண்ணத் தொடங்கினார். எலும்பாய்வாளர் ஆண்டுக்கொரு முறை அவரை வாய்திறக்கச் சொல்லிப் பார்த்து எழுதுகிறார். அண்மை அறிக்கையில் உள்ளவை இரண்டே வாக்கியங்கள்: 'பல் தேய்மானம் நின்றுவிட்டது. எடை சிறிது கூடியிருக்கிறது.' இரண்டிலும் பிழையில்லை.