மோரில் உப்பு இருந்தது

1

இந்தக் கதை என் தம்பி மதன் கேட்டதால் வந்தது. சென்னையில் சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கிறான். "அக்கா, மச்சானையும் அந்த ரவுடிகளையும் வெச்சு எழுதிக் குடு. குடும்ப ஓட்டல், தாதா, கொலை, சிரிப்பு, எல்லாம் இருக்குது" என்றான். கொலை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அதெ நான் போட்டுக்கறேன்" என்றான்.

'நான்' என்று தொடங்கிப் பார்த்தேன். கை ஓடவில்லை. அதனால் கதையில் அவள் பெயர் மைதிலி. கணவன் கந்தவேல். இருவரும் நாமக்கல்லில் பரமத்தி சாலையில் மெஸ் நடத்தினார்கள். (பெயர்களை மட்டும்தான் மாற்றியிருக்கிறேன். குழம்பை மாற்றவில்லை.)

2

முதல் தொடக்கம்: அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு

அடித்துவிட்டேன். நாமக்கல்லில் அடைமழை என்றால் முதல் வரியிலேயே நம்பமாட்டீர்கள்.

இரண்டாவது தொடக்கம்: மதிய வெயிலில் மூன்று தடியர்கள் மெஸ்ஸுக்குள் நுழைவதைக் கல்லாவில் இருந்த மைதிலி பார்த்தாள்.

இது இருக்கட்டும். மெஸ்ஸுக்குப் பின்னால் லாரி நிறுத்தப் பெரிய காலி இடம் உண்டு. திருட்டு லாரிகளைப் பிரித்து விற்கும் பொன்னனுக்கு மெஸ்ஸோடு சேர்த்து அந்த இடம் வேண்டும். முன்னால் மெஸ் நடந்தால் பின்னால் நடப்பதை யார் பார்ப்பார்கள்? கந்தவேல் விற்கமாட்டேன் என்றார். அதனால்தான் இந்த மூவர். முன்னால் வந்தவன் நந்தகுமார்.

"வாங்க, உக்காருங்க. சாப்பாடு ஆச்சுங்களா?" என்றார் கந்தவேல்.

"நாங்க மெரட்ட வந்திருக்கறமுங்க."

"அது பாத்தாலே தெரியுதுங்க. சாப்ட்டுப்போட்டு மெரட்டுங்க. வெறும் வயித்துல கத்துனா கொடலுப் பொரட்டும்."

இலை விழுந்தது. நாட்டுக்கோழிக் குழம்பு வந்தது. நந்தகுமார் இரண்டாம் முறை சோறு வாங்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கை நனைத்தவன், அந்த வீட்டின் மேல் கை ஓங்கமாட்டான்.*

"அண்ணங்கிட்ட என்னத்தெங்க சொல்றது?" என்றான், கழுவிய கையை வேட்டியில் துடைத்தபடி.

"மெரட்டுனோம்னு சொல்லுங்க. நான் பயந்துக்கறேன்."

* ரவுடி இதற்கெல்லாம் கட்டுப்படுவானா என்று மதன் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பினான். லாரியைத் திருடுகிறவன் சோற்றையும் மதிக்கமாட்டான் என்று அவனுக்கு யார் சொன்னது?

3

அடுத்த முறை வயிறு முட்டத் தின்றுவிட்டு வரும்படி பொன்னன் உத்தரவு. வந்தவர்கள் படியேறாமல் வெயிலிலேயே நின்றார்கள். கந்தவேல் வெளியே போய்ப் பார்த்தார்.

"சோறு வேண்டாமுங்க. அண்ணன் கண்டிசனாச் சொல்லிப்போட்டாரு" என்றான் நந்தகுமார்.

"செரீங்க. மோராச்சும் குடிங்க. மூஞ்சியெல்லாம் கருத்துப் போச்சு."

குடித்தார்கள். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது நந்தகுமாருக்குச் சந்தேகம் வந்தது.

"ஏனுங்க, மோருல உப்புப் போட்டிருந்துதுங்களா?"

"உப்பில்லாத மோரெக் குடுத்தா எம் பொண்டாட்டி என்னெ ஊட்டுக்குள்ள சேத்துவாளுங்களா?"

மூவரும் சாலையோரம் உட்கார்ந்து, தின்ற உப்பு என்றால் மோரில் போட்டதும் சேருமா என்று வெகுநேரம் விவாதித்தார்கள். சேரும் என்று முடிவாகித் திரும்பிப் போனார்கள்.

4

பொன்னனை எனக்கு எழுத வரவில்லை. கன்னத்தில் தழும்பு வைக்கச் சொல்கிறான் மதன். நான் பார்த்த பொன்னனுக்கு நெஞ்செரிச்சல்தான் இருந்தது. கார்க் கண்ணாடியை இறக்கி, செரிமான மாத்திரையைச் சப்பிக்கொண்டே மைதிலியிடம் பேசினான்.

"உங்க ஊட்டுக்காரரு நல்ல மனுசருங்க. அதுதானுங்க எடஞ்சலே."

"எறங்கி வாங்க, அவருகிட்டயே பேசுங்க."

"எறங்குனாச் சோத்தெப் போட்டுருவாருங்க."

அவன் போனதும் கந்தவேல் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "மைதிலி, நாம இருக்கற மட்டும் இந்த எடத்தெ அவனுக்குக் குடுக்கறதில்லெ." நாம என்றார். நான் என்று சொல்லவில்லை.

5

கந்தவேல் அன்று காலையில் வாழையிலைக் கட்டைப் பிரித்து

கந்தவேல் அன்று காலையில்

[இந்த இடத்தில் அரிவாள் வரட்டும் என்கிறான் மதன். மாரடைப்பு படத்துக்கு ஆகாதாம். மாரடைப்பு எங்களுக்கும் ஆகவில்லை, தம்பி.]

இலைக்கட்டு பாதி பிரித்தபடி கிடந்தது. அதற்குமேல் இந்தப் பகுதி இல்லை.

6

எழவு விழுந்த வீட்டில் அன்று அடுப்பு மூட்டுவதில்லை. சொந்தக்காரர்கள்தான் சோறு கொண்டுவர வேண்டும். அன்று சொந்தம் முழுக்க வந்தது. எல்லாரும் அழுதார்கள். ஒருவர் கையிலும் சோற்றுத் தூக்குப்போசி இல்லை. சோத்துக்கடைக்காரர் வீட்டுக்கு நாம் என்ன சோறு கொண்டுபோவது என்று ஆளாளுக்கு நினைத்துவிட்டார்கள். ஊருக்கே இலை போட்ட வீடு பட்டினி கிடந்தது. கந்தவேல் இருந்திருந்தால் இதை வருசம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்.

எடுத்துப்போய் எரித்துவிட்டு வந்த பிறகு, நந்தகுமார் பெரிய போசியோடு வாசலில் நின்றான். தெருமுனையில் பொன்னனின் கார்.

"அண்ணன் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. அரிசிம்பருப்புச் சோறு." நின்று, குரலைத் தணித்தான். "அக்கா, ஒளிக்காமச் சொல்லிப்போடறேன். இதுல உப்பு இருக்குதுங்க."

மைதிலிக்குப் புரிந்தது. சாப்பிட்டால் பொன்னன் முகத்துக்கு நேராக இனி இடம் கிடையாது என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று அனுப்பினால்? வந்த சோற்றைத் திருப்புவது வந்த ஆளையே திருப்புவது மாதிரி என்பது கந்தவேலின் பேச்சு. அவர் சாம்பல்கூட இன்னும் ஆறவில்லை.

பாதி பிரித்த அதே இலைக்கட்டிலிருந்து யாரோ ஓர் இலையை உருவி அவள் முன்னால் போட்டார்கள்.

7

மதனிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் மைதிலி பொன்னனை விருந்துக்கு அழைத்து விஷம் வைக்கிறாள். கதையில்கூட எங்கள் சோற்றில் விஷம் கிடையாது. இன்னொன்றில் நந்தகுமார் பொன்னனை வெட்டுகிறான். பாவம், அவனுக்குக் கோழி வெட்டவே ஆள் வேண்டும்.

அந்த இலையில் சோறு விழுந்ததா என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். பசி எவ்வளவு, வைராக்கியம் எவ்வளவு என்று பிறத்தியார் நிறுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை இது. உங்களுக்கு அவளைப் பற்றி என்ன தோன்றுகிறதோ அதுவே முடிவு.

விடாமல் தெரிந்தே ஆகவேண்டும் என்றால், பரமத்தி சாலைப் பக்கம் வரும்போது உள்ளே வாருங்கள். கல்லாவில் யார் இருக்கிறார்கள் என்று உடனே தேடாதீர்கள். உட்காருங்கள். முதலில் மோர் வரும்.

குடித்துவிட்டு, கேட்க மனம் வந்தால் கேளுங்கள்.