இறங்கப்போகும் நாற்பத்து மூன்று கோப்புகள்

“உங்க மெஷின் இன்னா மெஷின்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார். அது தெரியாம இந்த பில்டு இந்த ஜென்மத்துல முடியாது.”

தனகோடி சொல்லி முடிப்பதற்குள் மேசைக்குக் கீழே ரோஹித்தின் ஷூ அவள் செருப்பை மிதித்தது. மிதிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கிளையண்டிடம் கேள்வி கேட்கக் கூடாது, பதில் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ரோஹித் போட்ட சட்டம். அவன் அவளுடைய டீம் லீட். கேள்வி கேட்டால் நமக்குத் தெரியாது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமாம். தெரியாததால்தான் ஆறு தடவை வந்து முழித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாதாக்கும்.

மேசைக்கு அந்தப் பக்கம் காசிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமல்லபுரம் தாண்டிப் புதுப்பட்டினம் போகிற வழியில், கடலைப் பார்த்தபடி இருக்கும் அந்தத் தனியார் அலை ஆய்வகத்தின் கம்ப்யூட்டர் அறை முழுக்க அவர் பொறுப்பு. அந்த அறைக்குள் இன்டர்நெட் கிடையாது. வெளியே தயார் செய்த மென்பொருளையும் உள்ளே விடமாட்டார்கள். மூலக் கோப்புகளைக் கொண்டுவந்து, அவர்கள் கண் முன்னால், அவர்கள் மெஷினிலேயே ஓடுகிற மென்பொருளாகக் கட்டி எடுக்க வேண்டும். அதுதான் பில்டு.

இதில்தான் வம்பு. எந்த மென்பொருளை பில்டு பண்ணினாலும் அதற்கு ஒரு ரெசிபி ஃபைல் உண்டு. எந்தெந்த மூலக் கோப்பை எந்த முகவரியிலிருந்து இறக்க வேண்டும் என்று அதில் இருக்கும். நெட் இருக்கிற இடத்தில் பில்டு தானே போய் வேண்டியதை இறக்கிக்கொள்ளும், யாரும் கவலைப்படுவதில்லை. நெட் இல்லாத இடத்தில் அத்தனையையும் முன்கூட்டியே கொண்டுபோக வேண்டும். ஒரு கோப்பு குறைந்தாலும் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும்.

ஆறு தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் வேறு கோப்பு.

போய் எடுத்துவந்து போடலாம் என்றால் அதுவும் உடனே நடக்காது. செவ்வாயும் வெள்ளியும்தான் வெளியாட்களுக்கு அனுமதி. உள்ளே போகும் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் கேட்டில் உள்ள நோட்டில் கையால் எழுத வேண்டும். உள்ளே போன பென்டிரைவ் வெளியே வராது. கேட்டில் வாட்ச்மேன் கண்ணாயிரம் அண்ணன் பூட்டுப் போட்ட தகர டப்பா ஒன்று வைத்திருக்கிறார், அதில் போட்டுவிட வேண்டியதுதான். “திருப்போரூர் உண்டியல்ல கூட நீங்க இவ்ளோ போட்டிருக்க மாட்டீங்க” என்று ஐந்தாவது தடவையே அவர் கேலி பண்ணியாயிற்று.

“ஆறு தடவை வந்தீங்க. ஒரு தடவை கூட இதை யாரும் கேக்கலியேம்மா” என்றார் காசிநாதன்.

“தேவைப்படாது சார், எங்ககிட்ட எல்லா டீட்டெயிலும் இருக்கு” என்று ரோஹித் முந்தினான்.

“இருந்தா இன்னாத்துக்கு ஆறு தடவ நின்னுச்சு?” என்றாள் தனகோடி. ஷூ இன்னும் கொஞ்சம் அழுத்தியது. “கால எடுங்க ரோஹித், வலிக்குது.”

காசிநாதன் சிரிப்பை அடக்க இருமினார். “சொல்லலாம். ஆனா வாயால கேட்டு வாயால சொல்ற வழக்கம் இங்க கிடையாது. எழுத்துல கேக்கணும். யாரு கேக்கறாங்களோ அவங்க பேரு, கையெழுத்து.”

அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். இரண்டு வரி எழுதி, ஜெ. தனகோடி என்று கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அவர் உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வந்தார். தாளின் அடியில் ஒரே ஒரு வரியில் பிராசஸரின் பெயர், பக்கத்தில் முத்திரை. ஆபீஸ் லேப்டாப்பில் இருக்கும் பிராசஸர் ஒரு ரகம். இங்கே இருப்பது முற்றிலும் வேறு ரகம்.

“இத மொத நாளே கேட்டிருக்கணும்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

திரும்பி வரும்போது ஈசிஆரில் ரோஹித் எண்பதில் ஓட்டினான். கோவளம் வந்ததும் வாயைத் திறந்தான்.

“உனக்கு வர பதினஞ்சாம் தேதி கன்ஃபர்மேஷன். ஞாபகம் இருக்கா?”

“கீது.”

“அது என் ரிப்போர்ட்லதான் இருக்கு.”

“பில்டும் உங்க கையிலதான் இருந்துச்சு.”

“இந்தப் பேச்சுதான் தனகோடி. இந்தப் பேச்சுதான் உனக்கு எமன். கிளையண்ட் முன்னாடி நம்மள முட்டாளாக்கிட்ட.”

“நாம தனியா இருக்கும்போதும் அப்படித்தான இருந்தோம்?”

அவன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

கன்ஃபர்மேஷன் அவளுக்குச் சின்ன விஷயமில்லை. அவள் வூட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள்தான். அப்பா ஜெகதீசன் திருப்போரூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். “எம் பொண்ணு பதினஞ்சாம் தேதி பர்மனென்ட் ஆவப்போவுது” என்று ஸ்டாண்டில் இருக்கிற பன்னிரண்டு டிரைவருக்கும் சொல்லியாயிற்று. ஏறுகிற சவாரிக்கும் சொல்லிக்கினு இருக்கிறார். அது கையை விட்டுப் போனால் சிறுசேரியில் இன்னொரு வாசலில் ஆறு மாதப் பயிற்சி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதெல்லாம் தெரிந்துதான் கேட்டாள். பஸ் எங்கே போகிறதென்று தெரியாவிட்டால் கண்டக்டரைக் கேட்கிறோம். கேட்டால் மானம் போய்விடும் என்கிற பாடத்தை நடத்துகிற அளவுக்கு அவள் வூட்டில் யாரும் படித்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் ரோஹித் பட்டியல் போட்ட விதத்தை முதலில் பார்த்தாள். பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். மனுஷன் தன் லேப்டாப்பில் பில்டை ஓடவிட்டு, அது எதையெல்லாம் இறக்குகிறது என்று வேடிக்கை பார்த்து, இறங்கியதை மட்டும் பென்டிரைவில் போட்டிருக்கிறான். வந்தது பதினேழு கோப்பு. ஆனால் அந்த லேப்டாப் மூன்று வருஷமாக வேறு வேறு பில்டு ஓடிய லேப்டாப். பாதிக் கோப்பு ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது. கிடப்பதை அது திரும்ப இறக்காது. இறக்காதது இவன் கண்ணில் படாது. ஒவ்வொரு தடவை தோற்றதும் எது குறைந்ததோ அந்த ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டு போயிருக்கிறான். பாத்திரத்தில் எத்தனை ஓட்டை என்று பார்க்காமல், ஒழுகுகிற ஓட்டையை மட்டும் விரலால் அடைக்கிற வேலை.

பில்டை ஓடவிட வேண்டியதே இல்லை. ரெசிபியை மட்டும் படித்து, “இவன் இதையெல்லாம் இறக்கப்போகிறான்” என்று பட்டியல் போட்டுச் சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது. எதையும் இறக்காது, எதையும் தொடாது. கையேட்டில் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. அந்தக் கையேட்டை ரோஹித் டீமுக்கே மெயிலில் அனுப்பியிருந்தான். அனுப்பியதோடு சரி.

ஓட்டினாள். முப்பத்தொன்று வந்தது.

அடுத்து, காசிநாதன் எழுதிக்கொடுத்த பிராசஸர் பெயரைக் கொடுத்து மறுபடி ஓட்டினாள். நாற்பத்து மூன்று.

“அடிப்பாவி” என்று ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்துச் சீட்டு வைஷாலி எட்டிப் பார்த்தாள்.

“என்னடி ஆச்சு?”

“அந்த மெஷினா இருந்தா மட்டும் இன்னும் பன்னெண்டு ஃபைல் வேணுமாம். இது பார், ரெண்டு கேபி. இந்த நாதாரிக்காக ஒருநாள் மாமல்லபுரம் போய்கினு வந்திருப்போம்.”

“அய்யோ, நாம அப்படியே பீச்சுக்கும் போயிருக்கலாமே, என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்” என்றாள் வைஷாலி.

பட்டியலை நம்பி மட்டும் போக அவளுக்கு மனசில்லை. காலியான ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, நாற்பத்து மூன்றையும் புதிதாக இறக்கினாள். ஒரு முகவரி செத்துப்போயிருந்தது. அதே கோப்பை வேறு சர்வரிலிருந்து எடுத்து, அதுதானா என்று பார்க்க, கோப்புக்குக் கோப்பு மாறும் அதன் கைரேகை எண்ணை ரெசிபியில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டாள். பிறகு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, இன்னும் எதையாவது இறக்க வேண்டுமா என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றது. டீ குடிக்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை கேட்டில் கண்ணாயிரம் நோட்டை நீட்டினார். அவள் எழுத ஆரம்பித்தாள். பத்தாவது பெயரில் அவர் ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். இருபதாவதில் பக்கத்தைத் திருப்பிக்கொடுத்தார்.

“இன்னாம்மா இது, கல்யாணப் பத்திரிகையா? இம்மாம் பேரு?”

“எல்லாரும் வந்தாதான் கல்யாணம் நடக்கும் அண்ணாத்த. ஒருத்தன் வரலன்னாலும் மாப்பிள்ள எழுந்து போயிடுவான்.”

“ஆறு தடவ போனானே!”

“இந்தத் தடவ கட்டிப்போட்டுக் கூட்டியாந்திருக்கேன்.”

ரோஹித் காரிலேயே உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தான். நாற்பத்து மூன்றாவது பெயரை எழுதி அடிக்கோடு போட்டபோது அவளுக்கு விரல் மரத்துப்போயிருந்தது.

உள்ளே பில்டு ஒன்பதரைக்கு ஆரம்பித்தது. போன தடவை நின்ற இடத்தைப் பத்தே முக்காலுக்குத் தாண்டியது. அதற்கு முந்தின தடவைகளில் நின்ற இடமெல்லாம் வந்த சுவடு தெரியாமல் போயின. காசிநாதன் நாற்காலியை விட்டு எழுந்து அவள் பின்னால் வந்து நின்றார். பதினோரு மணிக்கு மேல் அந்த அறையில் யாரும் வேறு வேலை பார்க்கவில்லை. பன்னிரண்டே காலுக்கு, சிவப்பு எழுத்து எதுவும் இல்லாமல், ‘முடிந்தது’ என்று ஒரு வரி வந்தது.

“முடிஞ்சிடுச்சாம்மா? நிஜமாவா?” காசிநாதன் திரும்பத் திரும்பக் கேட்டார்.

“நீங்களே ஓட்டிப் பாருங்க சார்.”

ஓட்டிப் பார்த்தார். அலை வரைபடம் ஸ்கிரீனில் வளைந்து வளைந்து ஓடியது. அன்றைக்கு கேண்டீனில் வஞ்சிரம் வறுவல். தனகோடிக்கு இரண்டு துண்டு வைக்கச் சொன்னார் காசிநாதன். மூன்றாவதை அவளே கேட்டு வாங்கினாள்.

“நல்லவேளை, நான் அன்னைக்கே இவகிட்ட டீட்டெயில் வாங்கிக்கச் சொன்னேன்” என்றான் ரோஹித், சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டு.

அவள் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். காசிநாதன் ரோஹித்தைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார். “கால் இப்ப தேவலையாம்மா?” என்று கேட்டார். கேண்டீனில் யாருக்கும் அது புரியவில்லை. ரோஹித்துக்குப் புரிந்தது, காது சிவந்தது.

வியாழக்கிழமை மதியம் மேனேஜர் சுஜாதா மேடம் அவளைக் கூப்பிட்டார். அறையில் ரோஹித்தும் இருந்தான். மேசையில் அவள் கையெழுத்துப் போட்ட தாளின் நகல், அதன் பக்கத்தில் டைப் அடித்த இன்னொரு தாள்.

“முதல்ல கங்கிராட்ஸ்” என்றார் மேடம். “காசிநாதன் சார் பாராட்டி மெயில் போட்டிருக்கார். அடுத்த வேலையிலயும் நீதான் வேணுமாம்.”

“தேங்க்ஸ் மேடம்.”

“ஆனா போன வெள்ளிக்கிழமையே ரோஹித் ஒரு புகார் ஃபைல் பண்ணிட்டாரு. லீட் அனுமதி இல்லாம கிளையண்ட்கிட்ட எழுத்துல தகவல் கேட்டிருக்க. புகார் வந்துட்டா அதை முடிச்சாதான் கன்ஃபர்மேஷன் நகரும். இதுல ஒரு கையெழுத்து போடு. தெரியாம செஞ்சிட்டேன், இனிமே செய்யமாட்டேன்னு. அவ்வளவுதான்.”

தனகோடி தாளை எடுத்து முழுதாகப் படித்தாள். ‘தகாத முறையில் கேட்டமைக்கு வருந்துகிறேன்’ என்று நாலாவது வரி.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

“நான் கேக்காம இருந்திருந்தா இன்னிக்கு எத்தனாவது தடவ போய்கினு இருந்திருப்போம்?”

ரோஹித் நெளிந்தான். “அது பாயின்ட் இல்ல. ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கு.”

“அந்தப் புகார திருப்பி வாங்கிக்கலாமே ரோஹித்?” என்றார் மேடம் மெதுவாக. அவருக்கும் இது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“வாங்கினா நான் தப்பா புகார் குடுத்த மாதிரி ஆகும் மேடம்.”

“ஆமா, ஆவும்” என்றாள் தனகோடி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புகார் போயிருக்கிறது, மன்னிப்பு எழுதிக் கேட்பார்கள் என்று வைஷாலி நேற்றே அவள் காதில் போட்டிருந்தாள். சொல்ல வேண்டியதை அவள் நேற்று ராத்திரியே அப்பாவிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, “செய்யாத தப்புக்கு இன்னாத்துக்கு எழுதிக் குடுக்கணும்? ஸ்டாண்டுல நான் பேசிக்கிறேன், போ” என்று சொல்லி, ரசம் கேட்டார்.

“மேடம், அந்தக் கேள்வி தப்பில்ல. நாளைக்கு வேற கிளையண்ட்கிட்ட போனாலும் மொத நாளே இதத்தான் கேப்பேன். இனிமே கேக்கமாட்டேன்னு எழுதினா அது பொய். பொய்யில நான் கையெழுத்து போடமாட்டேன். கன்ஃபர்ம் பண்றதும் அனுப்பறதும் உங்க இஷ்டம். எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க.”

தாளை மடிக்காமல், கசக்காமல், அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள். எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினாள்.

“தனகோடி, உக்காரு. பேசலாம்” என்றார் சுஜாதா மேடம்.

“பேசிட்டேன் மேடம்” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே நடந்தாள்.