ஆறாம் நாளும் ஏழாம் நாளும்

2006 பிப்ரவரியில், ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த கலைமதியிடம் அம்சவள்ளி டீச்சர் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தார். மே மாதம் சென்னையில் மூன்று வார அறிவியல் முகாம். மாநிலம் முழுவதிலிருந்தும் நாற்பது பேரைத்தான் எடுப்பார்கள். மார்க் மட்டும் போதாது. பத்து நாள் எதையாவது சொந்தமாக அளந்து எழுதி அனுப்ப வேண்டும்.

எதை அளப்பது என்று கலைமதி யோசிக்கவேயில்லை. அப்பா கண்ணாயிரத்துக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. பாத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டால், உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டிகிரி காட்டும் கண்ணாடிக் குழாய் ஒன்று அங்கே இருந்தது. தினமும் பள்ளிக்குப் போகும் முன் அதை வாங்கி, ஒரே பாத்தியில் அளந்தாள். இருபத்து நாலில் தொடங்கி ஐந்தாம் நாள் இருபத்தாறு வரை ஏறியது.

ஆறாம் நாள் இரும்பை கிராமத்தில் அத்தை மகள் கல்யாணம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை; அம்மாவோடு போனவள் இரண்டு நாள் தங்கிவிட்டாள். மறுபடி முதலிலிருந்து தொடங்க நாள் இல்லை. இருபத்தாறரை, இருபத்தேழு என்று தானே போட்டுக்கொண்டாள். ஆனால் எட்டாம் நாள் குழாய் இருபத்து மூன்று காட்டியது. காரணம் தெரியவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

ஏப்ரலில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. சென்னை பஸ்ஸில் அப்பா அவளுடைய தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"நீங்க கல்யாணத்துக்குப் போன அன்னிக்கே உப்ப வாரிட்டுப் புதுத் தண்ணி விட்டுட்டோமே. அப்புறம் இருபத்தேழு எப்படிம்மா வரும்?"

கலைமதி தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அந்த ரெண்டு நாளும் நான் அளக்கலப்பா."

அப்பா பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏன் எறங்குச்சுன்னு கேட்டா, புதுத் தண்ணி விட்டாங்கன்னு சொல்லிடு. அதுக்கு மேல யாரும் நோண்ட மாட்டாங்க."

நேர்முகம் நடந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். அப்பா சொன்னபடியே நடந்தது. நடுவில் இருந்த பெண்மணி, "எட்டாம் நாள் ஏன் இறங்கிச்சு?" என்று கேட்டார்.

"புதுத் தண்ணி விட்டாங்க மேடம்."

"சரிதான்" என்று குறித்துக்கொண்டு அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். விஷயம் அதோடு முடிந்துவிட்டது. கலைமதிக்குத்தான் காதெல்லாம் சுட்டது.

"மேடம், ஆறாம் நாளும் ஏழாம் நாளும் நான் ஊர்லயே இல்ல. அந்த ரெண்டு நம்பரும் நானா போட்டது."

பக்கத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "இத நாங்க கேக்கவே இல்லையேம்மா?"

"ஆமா சார். ஆனா மத்த எட்டு நாளும் நெஜமா அளந்தேன். இந்த ரெண்டால அதுவும் பொய் மாதிரி எனக்கே தோணுது."

யாரும் திட்டவில்லை. மறுபடி அளந்தால் எப்படி அளப்பாய் என்று கேட்டார்கள். காலையிலும் மாலையிலும், மூன்று பாத்திகளில் என்று ஆரம்பித்தவள், பயம் போனதே தெரியாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து சொன்னதும் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "சொல்லிட்டியா! சரி, போனா போவுது. வா, சாப்பிடலாம்." காலையில் ஒரு வாய் காபிகூட இறங்காத கலைமதி, ஓட்டலில் இரண்டு தோசை தின்றாள். இடம் கிடைக்காது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் மனசு லேசாக இருந்தது. ஊர் வரும்வரை பஸ்ஸில் நன்றாகத் தூங்கினாள்.

நேர்முகம் முடிந்த பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. அவளை எடுத்திருந்தார்கள். பத்து நாளும் விடாமல் மறுபடி அளந்து, முகாமுக்கு வரும்போது கொண்டுவர வேண்டும் என்று கீழே பேனாவால் எழுதியிருந்தது. படித்தவள் வரப்பு வழியே உப்பளத்துக்கு ஓடினாள்.

"எடுத்துட்டாங்கப்பா!"

கண்ணாயிரம் உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டார். கடிதத்தை வாங்கப் போனவர், ஈரக் கையைப் பார்த்துவிட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அப்பாடா" என்றார் மெதுவாக. அப்புறம் அடுத்த பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த கூட்டாளி பக்கம் திரும்பிக் கத்தினார். "டேய் பச்சமுத்து! எம் பொண்ணு மெட்ராஸ் போறாடா!"