நாற்பத்தேழு விநாடி

பேட்டரிப் பெட்டியின் மூடி திறக்க மாட்டேனென்று அடம்பிடித்தது.

பெலிக்ஸ் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பினான். நகம் மடங்கியதுதான் மிச்சம். மடியில் குப்புறக் கிடந்த கறுப்பு கிட்டாரின் முதுகில் அவன் வியர்வை சொட்டியது. வாசித்துப் பார்க்கும் அறையின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கடையில் ஹார்மோனியங்களுக்கும் டிரம் செட்டுகளுக்கும் நடுவே நின்று, அவனுடைய வருங்கால மாமனார் ஜெபதுரை செல்போனைத் தூக்கிப் பிடித்துக் கடைக்காரர் சுந்தரபாண்டியனுக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தார். எதை என்று பெலிக்ஸுக்குத் தெரியும். நாற்பத்தேழு விநாடி ஓடும் ஒரு வீடியோ. அது முடிந்ததும் இருவரும் உள்ளே வந்துவிடுவார்கள். வந்து, “வாசிங்க” என்பார்கள்.

இன்னும் முப்பது விநாடி இருக்குமா?

பைக் சாவியை எடுத்து மூடியின் சந்தில் செருகித் திருப்பினான். டப். திறந்துகொண்டது. உள்ளே இருந்த ஒன்பது வோல்ட் பேட்டரியைப் பிடுங்கி பேண்ட் பைக்குள் திணித்தான். மூடியை அழுத்தி, கிட்டாரை நிமிர்த்தி, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைப்பதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது.

“என்ன மாப்ளே, தயார்தானே? அண்ணாச்சி வீடியோவப் பாத்துட்டு ஆடிப் போயிட்டாரு!”

“சும்மா சொல்லக்கூடாது தம்பி,” என்றார் சுந்தரபாண்டியன். “ஸ்ரீவில்லிபுத்தூருல இருவது வருசமா கடை வச்சிருக்கேன். இந்தப் பக்கத்துல இப்படி வாசிக்கிற ஆளு இருக்குன்னு எனக்கே தெரியாமப் போச்சே. நீங்க வாசிக்கிறத நேருல பாக்காம இன்னைக்குக் கடையப் பூட்டுறதா இல்ல.”

பெலிக்ஸ் தலையாட்டினான். கழுத்தில் கத்தியை வைத்தால் ஆடும் ஆட்டம் அது.

உண்மை இதுதான். அந்த நாற்பத்தேழு விநாடியில் ஒரு விநாடிகூட அவன் வாசித்தது இல்லை.

ராஜபாளையத்தில் சின்னதாக ஒரு மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான் பெலிக்ஸ். ஞாயிறானால் சர்ச் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று கிட்டாரில் நாலே நாலு கார்டு பிடிப்பான். அதற்கு மேல் விரல் போகாது. ஆனால் எலக்ட்ரிக் கிட்டாரைப் பற்றி இணையத்தில் எழுதியிருப்பது அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். ஒருநாள், முகமில்லாத, ஊரில்லாத, மொத்தமே பன்னிரண்டு பேர் பின்தொடர்கிற ஏதோ ஒரு பக்கத்தில் அந்த வாசிப்பைக் கேட்டான். தரை அதிர்கிற மாதிரி கனமான ராக். நார்வேக்காரனோ, நாகாலாந்துக்காரனோ, யார் கண்டது? ஒரு கிட்டாரை இரவல் வாங்கினான். அரை இருட்டில் முடியை முகத்தில் விட்டுக்கொண்டு செல்போன் கேமரா முன்னால் கையை ஆட்டினான். அந்த ஒலியை இந்தப் படத்தோடு ஒட்டி, தன் பெயரில் போட்டுவிட்டான்.

விளையாட்டாகச் செய்தது. வினையாக வந்து நின்றது. பேண்டேஜ் துணி நெய்கிற இரண்டு தறி ஷெட்டுகளுக்குச் சொந்தக்காரரான ஜெபதுரையின் ஒரே மகள் எப்சி, வந்த வரன்களில் ஏழு பேரைத் தட்டிக் கழித்தவள், அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு “இவரையே பாருங்க” என்று ஒற்றைக்காலில் நின்றாள். பெண் பார்க்கப் போன அன்று அவனைத் தனியே பேசவிட்டார்கள். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அதுல வாசிச்சது நீங்கதானா?”

அந்தக் கண்களைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவனால் முடியவில்லை. “ஆமா” என்றான். அந்த இரண்டெழுத்துக்குள் மாட்டிக்கொண்டவன்தான், இன்னும் வெளியே வர வழி தெரியவில்லை. வருகிற ஞாயிறு சர்ச்சில் முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சபைக்கு முன்னால் அறிவித்துவிட்டால் ஊருக்கே தெரிந்த மாதிரி. இப்போது குட்டு உடைந்தால் எப்சி போவாள், மானம் போகும், சர்ச் வாசலை மிதிக்க முடியாது.

போதாக்குறைக்கு மாமனார், மாப்பிள்ளைக்குச் சீராக பைக் கிடையாது, புதுக் கிட்டார்தான் என்று சொல்லிவிட்டார். அதுவும் இன்னும் கனமான சத்தம் வருகிற கிட்டாராம். குடும்பத்தோடு காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

காலையிலிருந்து மூன்று கிட்டார்களைக் குறை சொல்லி அனுப்பியாகிவிட்டது. முதலாவதை மாட்டியதும் ஆம்ப்ளிபயர் உறுமியது. “சிங்கிள் காயில் அண்ணாச்சி. சுத்தியிருக்க கரண்ட் இரைச்சலெல்லாம் உள்ள வரும். கனமான வாசிப்புக்கு ஆகாது” என்றான். இரண்டாவது கழுத்து குட்டை. தந்தியைத் தாழ்த்தினால் தொளதொளத்துப் போகும் என்றான். மூன்றாவதன் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஸ்பிரிங்கில் மிதக்கிறது, ஒரு தந்தியை இறக்கினால் மற்ற ஐந்தும் ஏறும் என்றான். எல்லாம் உண்மையான குறைகள்தான். சுந்தரபாண்டியன் அசந்து போனார்.

ஜெபதுரை அயர்ந்து போனார். “பொண்ணு பாக்க வந்தப்பகூட இம்புட்டுக் கொறை சொல்லலையே மாப்ளே!”

அப்போதுதான் எப்சி, வந்ததிலிருந்து வாயைத் திறக்காதவள், மேல் வரிசையைக் கைகாட்டினாள். “அப்பா, அந்தக் கறுப்பையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்க.”

நீளக் கழுத்து. அசையாத பிரிட்ஜ். இரைச்சலை அடக்கி, தந்தி ஒலியை மட்டும் வாங்குகிற இரட்டைக் காயில் பிக்கப் இரண்டு, பேட்டரியில் இயங்குகிறவை. குறை சொல்ல ஒரு மயிரிழைகூட இடமில்லை. அதனால்தான் பேட்டரி அவன் பைக்குள் போனது.

சுந்தரபாண்டியன் ஆம்ப்ளிபயரின் சுவிட்சைத் தட்டினார். “ம், அடிங்க தம்பி!”

பெலிக்ஸ் தந்தியை ஒரு தட்டு தட்டினான். டிணுக். மரக்கட்டையில் கொசு உட்கார்ந்த சத்தம்.

கடைக்காரர் கேபிளைப் பிடுங்கிச் செருகினார். வால்யூமைத் திருகினார். கடைசியில் கிட்டாரைத் திருப்பி மூடியைத் திறந்தவர் வாயைப் பிளந்தார். “என்ன இது, பேட்டரியவே காணோம்! கம்பெனியிலேருந்து போட்டுத்தானே வரும்?”

“அப்ப இன்னொரு நாள் வரலாம் மாமா,” என்று பெலிக்ஸ் பாதி எழுந்துவிட்டான்.

“உக்காருங்க மாப்ளே! ஒரு பேட்டரிக்காக இன்னொரு நாளா?” தோளில் விழுந்த கை அவனை மறுபடி நாற்காலியில் அமுக்கியது.

“கீழ எலக்ட்ரிக் கடையில இருக்கும். அஞ்சே நிமிசம், வாரேன்,” என்று சுந்தரபாண்டியன் மாடிப்படியில் இறங்கினார்.

ஜெபதுரையின் செல்போன் அடித்தது. “பாஸ்டர் கூப்பிடுதாரு. ஓலை விசயமாத்தான் இருக்கும். உள்ள டவர் கிடைக்காது. எம்மா எப்சி, மாப்பிள்ளைகூடச் செத்த நேரம் பேசிக்கிட்டு இரு. அம்மா வேற பால்கோவா வாங்கப் போனவ இன்னும் வரல, பாத்துக் கூட்டியாரேன்.”

அவரும் போனார். எப்சி உள்ளே வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

சொல்லிவிடலாமா? காலில் விழுந்துவிடலாமா? சுவரெல்லாம் சத்தத்தை விழுங்கும் கறுப்பு ஸ்பாஞ்ச்.

எப்சி கையை நீட்டினாள். “குடுங்க.”

“எ… எதை?”

“பேண்ட் பாக்கெட்டுல இருக்கத. கண்ணாடி வழியா எல்லாம் தெரியும். நல்லவேளை, அப்பா போனையே பாத்துக்கிட்டு இருந்தாவ.”

பேட்டரி கை மாறியது. அவள் கிட்டாரையும் வாங்கிக்கொண்டாள். மூடியை ஒரே அழுத்தில் திறந்து பேட்டரியை மாட்டினாள். செல்போன் உறைக்குள்ளிருந்து, தந்தியை மீட்டும் பிக் ஒன்றை எடுத்தாள். ஆறாவது தந்தியைத் திருகி, காதைச் சாய்த்து, கீழே கீழே இறக்கினாள்.

பிறகு வாசித்தாள்.

முதல் அடியிலேயே பெலிக்ஸின் நாற்காலி அதிர்ந்தது. அதே வாசிப்பு. அவன் கையாட்டிய அதே நாற்பத்தேழு விநாடி. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே உள்ளங்கையால் தந்தியை அமுக்கினாள், எங்கே அலறவிட வேண்டுமோ அங்கே அலறவிட்டாள். சேலையைச் சரிசெய்வதுபோல அவள் முகம் சாதாரணமாக இருந்தது. கை மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது.

கண்ணாடிக்கு அப்பால், மாடிப்படியில் ஜெபதுரையின் வழுக்கைத் தலை எழும்பியது.

கண் சிமிட்டும் நேரத்தில் கிட்டார் பெலிக்ஸின் மடிக்கு வந்துவிட்டது. பிக் அவன் விரலிடுக்கில் இருந்தது. எப்சி இரண்டடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தந்தி இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

“மாப்ளே!” ஜெபதுரை மூச்சிரைக்கக் கதவைத் தள்ளினார். “படியேறும்போதே லேசாக் கேட்டுச்சு. புல்லரிச்சுப் போச்சு! ஏட்டி தேவகிருபை, சீக்கிரம் வா, கேட்டியா?”

பின்னால் பால்கோவாப் பையோடு ஏறி வந்த அவர் மனைவி தேவகிருபை, “கேக்காம என்ன, ரோட்டுல போற மாடே மிரளுது,” என்றாள். “வெள்ளையில இல்லையா இது? கல்யாண வீட்டுல கறுப்பைத் தூக்கிக்கிட்டு நிக்கிறதாக்கும்?”

அவளுக்குப் பின்னால் சுந்தரபாண்டியன், கையில் புதுப் பேட்டரியோடு. அவர் நெற்றி சுருங்கியது. “பேட்டரி இல்லாம எப்படி வாசிச்சீங்க தம்பி?”

பெலிக்ஸ் பேட்டரி மூடியை உள்ளங்கையால் மறைத்தான்.

“தரையில கிடந்துச்சு அண்ணாச்சி,” என்றாள் எப்சி. “நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“அதான பாத்தேன். சரி, எங்க முன்னால ஒரு வாட்டி, தம்பி!”

“ஆமா மாப்ளே, ஒரே ஒரு வாட்டி!”

நாலு முகங்கள் அவனையே பார்த்தன. விரலில் பிக் வழுக்கியது. பெலிக்ஸ் வாயைத் திறந்தான். உண்மை தொண்டைவரை வந்துவிட்டது.

“வேண்டாம்பா,” என்றாள் எப்சி. “இப்பவே கேட்டுட்டா என்ன இருக்கு? கல்யாண வரவேற்புல, எல்லாரும் இருக்கப்ப மொத மொதல்ல கேக்கட்டும்.”

ஜெபதுரையின் முகம் பல்பு போட்ட மாதிரி ஆனது. “அதுவும் சரிதான்! எண்ணூறு பேரு வருவாங்க. மில்காரங்க, பாஸ்டர் அம்மா, சேத்தூரு சொந்தக்காரங்க எல்லாரும். அண்ணாச்சி, இதையே பார்சல் போடுங்க. நீங்களும் கட்டாயம் வரணும்!”

எண்ணூறு பேர். பெலிக்ஸ் மனசுக்குள் ஒரு கதவைத் தாண்டி வந்து இன்னொரு கதவில் முட்டிக்கொண்டான். அதற்குப் பூட்டு இன்னும் பெரிது.

பெரியவர்கள் ரசீதுக்காகக் கடையில் நின்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெலிக்ஸும் எப்சியும் முன்னால் இறங்கினார்கள். மாடிப்படி குறுகல்; இரண்டு பேர் ஒட்டித்தான் இறங்க வேண்டும்.

“அதைக் கேட்டுக் கேட்டே பழகிட்டீங்களா?” என்றான் பெலிக்ஸ்.

“எதுக்குக் கேட்டுப் பழகணும்?” எப்சி படிகளைப் பார்த்தபடியே பேசினாள். “பத்தாப்பு படிக்கும்போது சர்ச் வாலிபர் கூட்டத்துல இப்படித்தான் வாசிச்சேன். பொம்பளப்பிள்ளைக்கு என்ன பேய்ச் சத்தம்னு அப்பா கிட்டாரை யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாவ. பொறவு ஒரு பழசை வாங்கி, ஷெட்டுல நூல் மூட்டைக்கு நடுவுல ஒளிச்சு வச்சேன். தறி ஓடும்போது வாசிச்சா வெளிய யாருக்கும் கேக்காது. ஒரே தொல்லை, தறி மோட்டார் இரைச்சலெல்லாம் கிட்டாருக்குள்ள வந்துரும். இதுல வராது.”

பெலிக்ஸின் கால் ஒரு படியிலேயே நின்றுவிட்டது.

“நீங்க எடுத்துப் போட்டீங்களே, அதுக்குப் பின்னாடி டிரம் மாதிரி ஒண்ணு கேக்குமே? அது எங்க ஏழாம் நம்பர் தறி. அந்தப் பன்னெண்டு பேரு பக்கம் என்னுது.”

பெட்டி அவன் கையில் திடீரென்று இரண்டு மடங்கு கனத்தது. மேலே ஜெபதுரையின் சிரிப்பு கேட்டது. கீழே வெயிலில் கார் நின்றது.

“அப்ப… நான் ஆமான்னு சொன்ன அன்னைக்கே…”

“அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சுமா? எதுக்கு என்னையப் போயி…”

எப்சி முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

“உங்களுக்கு முன்னாடி ஏழு பேரு வந்தாவ. கல்யாணத்துக்குப் பொறவு நான் கிட்டார் வாசிக்கலாமான்னு ஏழு பேருகிட்டயும் கேட்டேன். ஒருத்தரும் சரின்னு சொல்லல. உங்ககிட்ட மட்டும்தான் அதக் கேக்கவே இல்ல. முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு வாய் ஏது?”